பள்ளத்துப் பக்கம்

இலக்கியச் சஞ்சிகையில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது நண்பரொருவர் முகத்தைச் சுளித்தார். "கவிதை எழுதுங்களேன் மாஸ்டர்" என்றார். என்னிடம் இருப்பது ஒரு விளையாட்டு மைதானமும், அதன் இடது பக்கத்துப் பள்ளமும், அந்தப் பள்ளத்தைப் பதினோரு வருஷம் பார்த்தும் பார்க்காமல் இருந்த ஒரு வாத்தியாரும்தான்.

நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். 2036 மீற்றர் உயரமான அந்த மலைக்கு ஒன்பது தலை இருக்கிறதோ இல்லையோ, அதன் அடிவாரத்திலும் இடுப்பிலும் தட்டையான நிலம் என்று ஒன்பது பேர்ச் சேர்ந்தாற்போல் கிடைப்பது கஷ்டம். இருந்த தட்டை நிலத்திலெல்லாம் வெள்ளைக்காரன் தொழிற்சாலையும் துரை பங்களாவும் கட்டிவிட்டுப் போய்விட்டான். மிச்சம் இருந்ததில் லயங்கள். அதற்கும் மிச்சமானதில் எங்கள் பாடசாலை.

நான் இந்த மண்ணுக்கு வந்தவன். ஊர் குருத்தலாவைப் பக்கம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்துவிட்டு, சில வருஷம் வேறிடத்தில் படிப்பித்துவிட்டு, 2007இல் இங்கே மாற்றலாகி வந்தேன். கணிதம் என் பாடம். விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் இல்லாததால் அதுவும் என் தலையில் விழுந்தது. விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்ததை, அடுத்த வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்த தலைமுறை நாங்கள்.

எங்கள் மைதானத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

வகுப்பறைக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டியபடி துடுப்பாட்டக்காரன் நிற்பான். மறு முனையிலிருந்து ஆட முடியாது. அடித்தால் பந்து நேரே ஜன்னல் கண்ணாடிக்கு வரும். ஆகவே எப்போதும் இந்த ஒரு முனைதான். அவன் பந்துவீச்சாளரைப் பார்த்து நிற்கையில் வலது பக்கம் மேடு, மேட்டில் தேயிலை. அங்கே அடித்தால் பந்து செடியில் பட்டு உருண்டு தானாகவே திரும்பி வந்துவிடும். இடது பக்கம் பள்ளம். எழுபது எண்பது அடி கீழே ஓடை. அங்கே போன பந்து போனதுதான். ஒரு டெனிஸ் பந்தின் விலையை நினைத்து, பையன்களே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் அடித்தால் ஆட்டமிழப்பு. அதோடு அடித்தவனே இறங்கி எடுத்து வரவேண்டும். நான் வரும் முன்பே இருந்த சட்டம் அது. நல்ல சட்டம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

2018ஆம் ஆண்டு அணியில் ஒரு இடதுகைப் பையன் இருந்தான். தரம் ஒன்பது. பெயர் வேண்டாம். கூட்டாளிகள் அவனைப் 'பீச்சாங்கை' என்று கூப்பிடுவார்கள். நான் எத்தனையோ தடவை ஏசியும் அந்தப் பெயர் போகவில்லை. அவன் அடித்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பத்து யார் தூரத்தில் நின்று பந்தைப் போடுவேன். முழங்கால் உயரம், கால் பக்கம், ஒரே இடம். சுழன்று மேட்டுக்கு அடிப்பான். ஐம்பது போட்டால் ஐம்பதும் துடுப்பின் நடுவில் படும். அந்தச் சத்தம் கேட்டு லயத்துக் கிழவர்கள் கூட வந்து வேலியோரம் குந்தியிருப்பார்கள். "இவன் முரளிக்கே அடிப்பான் சேர்" என்று ஒருவர் சொல்வார். முரளிதரனின் பாட்டனாரும் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்தான் என்பதால், 800 விக்கெட் எடுத்த அந்த மனிதர் இங்கே எல்லா லயத்துக்கும் சொந்தக்காரர். (2012இல் 'ஊவா நெக்ஸ்ட்' என்று எங்கள் மாகாணத்தின் பெயரில் ஓர் அணி ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தையே வென்றது. அந்தத் தொடரின் ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலையிலும்தான் நடந்தன. ஊவாவில் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் பெயராவது போனதே.)

அந்த வருஷம் அயல் பாடசாலைகளுக்கிடையே பத்து ஓவர் மென்பந்துப் போட்டி. பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைப் பக்கம் பஸ்ஸில் போனோம். பெரிய, தட்டையான மைதானம். எங்கள் பையன்கள் அதைப் பார்த்ததும் வாயடைத்து நின்றார்கள். பந்து உருண்டுகொண்டே போகுமே, நிற்காதே என்று ஒருவன் கவலைப்பட்டான்.

முதல் ஆட்டத்தில் அவன் இரண்டாவது பந்தில் ஆட்டமிழந்தான். விக்கெட்டுக்கு வெளியே, அவனிலிருந்து விலகிப் போகும் பந்து. அதைக் குறுக்கே இழுத்து மேட்டுப் பக்கம் அடிக்கப் பார்த்தான். மேடு அங்கே இல்லை. பந்து துடுப்பின் விளிம்பில் பட்டு நேரே மேலே போனது. பிடி. இரண்டாவது ஆட்டத்திலும் அதே பந்து, அதே அடி, இந்த முறை விக்கெட் சாய்ந்தது. எல்லைக்கோட்டிலிருந்து நான் கத்திக்கொண்டே இருந்தேன். "தலையைக் குனி! காலை வை! பந்தைப் பார்! அவசரப்படாதே!" ஒரு பந்துக்கு நாலு புத்திமதி.

அவன் திரும்பி வந்தபோது, மற்றப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்து ஆசிரியர்களும் நிற்க, நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"உனக்குக் கையிலதான் விளையாட்டு இருக்கு. நெஞ்சில ஒண்ணுமே இல்ல."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பைப் பைக்குள் வைத்துவிட்டு பஸ்ஸில் கடைசி ஆசனத்தில் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. முதல் வாரம் நான் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் வாரம், கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்க்க மாமா ஒருவர் கேட்டிருக்கிறார் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்கு அந்த வசனத்தின் அர்த்தம் தெரியும். கொழும்புக் கடைக்குப் போன பதினான்கு வயதுப் பையன் தீபாவளிக்கு வருவான், புதுச் சட்டையோடு. பாடசாலைக்கு வரமாட்டான்.

அன்று மாலையே லயத்துக்கு இறங்கினேன். அவனுடைய அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, திண்ணையில் சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். சாயம் ஊற்றித் தந்தார். பையன் உள்ளே இருக்கிறான் என்பது தெரிந்தது, வெளியே வரவில்லை.

நான்தான் சுற்றி வளைத்துப் பேசினேன். பிள்ளைக்குப் பயம், போட்டி என்றால் நடுங்குகிறான், இங்கே அடிக்கிறதை அங்கே அடிக்க வரவில்லை, அதுதான் கொஞ்சம் ஏசிவிட்டேன் என்றெல்லாம். அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு பந்து வெளாட்டு தெரியாதுங்க சேர். ஆனா தட்டையா இருக்கிற மலையில கொழுந்து எடுத்துப் பழகுன புள்ளைய செங்குத்து மலையில நெற விட்டா மொத நாளு அரைப் பேர்தான் விழும். அதுக்கு அவ கைய ஏசி என்னா பண்றது? மலை வேற இல்லீங்களா?"

அரைப் பேர் என்றால் வாசகர்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான் போடுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர்.

மலை வேறு. நான் திரும்பி ஏறி வரும்போது மைதானத்தடியில் நின்றேன். மஞ்சள் வெயில். துடுப்பாட்டக்காரன் நிற்கும் இடத்தில் போய், இடதுகைக்காரன் நிற்பது போல நின்று பார்த்தேன். வலதுகைக்காரப் பையன்களுக்கு மேடு அவர்களது முன்பக்கம். பள்ளம் முதுகுப் பக்கம். இவனுக்கு எல்லாம் தலைகீழ். இவன் முகம் பார்க்கும் பக்கமே பள்ளம். வெளியே வரும் பந்தை எங்கே அடிக்க வேண்டுமோ அந்தத் திசை முழுவதும் பள்ளம். ஐந்தாறு வருஷமாக இந்த மைதானத்தில் ஆடி வந்த பிள்ளைக்கு, அந்தப் பக்கம் அடித்தால் ஆட்டமிழப்பு என்று நாங்களே படிப்பித்திருக்கிறோம். வெளியே வந்த பந்தையும் குறுக்கே இழுத்து மேட்டுக்குத் தள்ளுவதுதான் அவன் கற்ற வித்தை. அதை அவன் பதுளையில் ஒழுங்காகச் செய்துகாட்டினான். பயமும் இல்லை, நடுக்கமும் இல்லை. நான் படிப்பித்தது அப்படியே பதுளை வரை போயிருக்கிறது.

என்னைக் குத்தியது இன்னொன்று. கலாசாலையில் கல்வி உளவியலில் 'கற்றல் இடமாற்றம்' என்று ஒரு அத்தியாயம். 1901இல் தோர்ண்டைக்கும் வுட்வர்த்தும் சொன்னது: ஒரு இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குப் போக வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ஒத்த கூறுகள் இருக்க வேண்டும். அதைப் பரீட்சையில் இரண்டு பக்கத்துக்கு எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்தப் பதில், எழுதிய தாளிலேயே கிடந்திருக்கிறது.

வகுப்பறையில்கூட இது எனக்குத் தெரிந்ததுதான். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லும் பிள்ளையை நிறுத்தி, "ஏழெட்டு எத்தனை?" என்று கேளுங்கள். வாயசைத்து ஓரேழிலிருந்து ஓடி வந்துதான் ஐம்பத்தாறைத் தொடுவான். வரிசையாய்ச் சொல்லப் பழகியவனிடம் நடுவில் கேட்டால் அது வேறு கேள்வி. நான் ஒரே இடத்தில் போட்ட ஐம்பது பந்தும் ஏழாம் வாய்ப்பாடு.

பிறகு தேடித் தேடி வாசித்தேன். பேஸ்போல் ஆட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று எனக்குக் கிடைத்தது. பேஸ்போல் எங்களுக்கு முற்றிலும் அந்நியமல்ல. ஹோமாகமப் பக்கம் தியகமவில் ஜப்பான்காரரின் உதவியோடு அதற்கென்றே மைதானம் இருக்கிறது. சித்திரை வருஷத்துக்கு மூங்கில் தடியோடு ஆடும் எல்லேயும் அதற்குத் தூரத்துச் சொந்தம்தான். எல்லேயில் அடிக்க மூன்று சந்தர்ப்பம் கிடைக்கும், கிரிக்கெட்டில் ஒன்றே ஒன்று. 1994இல் வெளிவந்த அந்த ஆய்வில், கலிபோர்னியாவில் கல்லூரி ஆட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் மேலதிகமாக 45 பந்து: வேகப்பந்து பதினைந்து, வளையும் பந்து பதினைந்து, மெதுவான பந்து பதினைந்து, வரிசையாக. இன்னொரு பகுதியினருக்கும் அதே 45 பந்து, ஆனால் கலந்து கலந்து. அடுத்து என்ன வரும் என்று தெரியாது. மூன்றாமவர்களுக்கு மேலதிகப் பயிற்சி இல்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு சோதித்தால், கலந்து பழகியவர்கள் 57 வீதம் முன்னேறியிருந்தார்கள். வரிசையாகப் பழகியவர்கள் 25 வீதம். மற்றவர்கள் 6 வீதம். வேடிக்கை என்னவென்றால், பயிற்சி நேரத்தில் வரிசைக்காரர்கள்தான் அழகாக அடித்தார்கள். பார்க்கிற பயிற்சியாளருக்கு அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். வேலியோரக் கிழவர்களுக்கும் எனக்கும் நடந்தது அதுதான்.

2000ஆம் ஆண்டில் லாண்ட், மக்லியோட் என்ற இருவர் துடுப்பாட்டக்காரரின் கண்ணசைவைப் படம் பிடித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 'பந்தைப் பார், பந்தைப் பார்' என்று நாம் கத்துகிறோமே, உண்மையில் கண் பந்தோடு கூடவே வருவதில்லை. பந்து கையை விட்டுப் புறப்படுவதைப் பார்க்கும். உடனே, அது தரையில் விழப் போகும் இடத்துக்குத் தாவி அங்கே காத்திருக்கும். நல்ல ஆட்டக்காரனின் கண் கொஞ்சம் முந்தித் தாவுகிறது. அதை வாசித்தபோது என் பயிற்சியை நினைத்துக்கொண்டேன். எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்த பந்துக்குக் கண் எதற்குத் தாவ வேண்டும்? எங்கள் பையன்களின் கண்ணுக்கு நான் வேலையே கொடுக்கவில்லை.

பிராட்மன் சிறுவயதில் பௌரல் என்ற ஊரில் வீட்டுப் பின்புறத் தண்ணீர்த் தொட்டியில் கொல்ஃப் பந்தை எறிந்து, விக்கெட் தடியால் தனியாக அடித்துப் பழகிய கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய சராசரி 99.94 என்பதும் தெரியும். அந்தத் தொட்டியின் செங்கல் அடித்தளம் வளைவானது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. வளைந்த சுவரில் பட்ட பந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கோணத்தில் திரும்பி வரும். தனியாக ஆடிய அந்தப் பிள்ளைக்கும் அடுத்த பந்து எங்கே வரும் என்று தெரியாது.

இதெல்லாம் பிறகு வாசித்தது. அன்று தெரிந்தது மலை வேறு என்பது மட்டும்.

மறுநாள் மறுபடியும் லயத்துக்குப் போனேன். இம்முறை அவனை வெளியே கூப்பிட்டேன். அவன் அப்பா, அம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர். ஏசியது நாலு பேர் முன்னால் என்பதால் இதையும் நாலு பேர் முன்னால் சொல்வதுதான் நியாயம்.

"அன்றைக்கு நான் சொன்னது பிழை மகன். பிழை உன்னிலே இல்லை, நான் பழக்கினதிலே."

அவன் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். மன்னிப்புக்குப் பதிலாக எதையோ எதிர்பார்த்து நின்றேன் போலும். அவன் கேட்டது இதுதான்:

"அந்தப் பந்த எப்பிடி சேர் அடிக்கணும்?"

எனக்கும் சரியாகத் தெரியாது என்றேன். அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. அதிபரிடம் கெஞ்சி, சனிக்கிழமைகளில் வகுப்பறை ஜன்னல்களுக்கு வெறும் உரச்சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆட்டத்தைத் திருப்பிப் போட்டோம். இப்போது துடுப்பாட்டக்காரன் கட்டடத்தைப் பார்த்து நின்றான். பக்கங்கள் மாறிவிட்டன. பீச்சாங்கைக்கு முன்னால் மேடு வந்தது. வலதுகைக்காரர்களுக்கு முன்னால் பள்ளம். வருஷக்கணக்காக அவனைக் கேலி பண்ணிய பெரிய அடிகாரர்கள் ஒரே காலையில் ஒன்றும் தெரியாதவர்களாகிப் போனார்கள். அதைப் பார்த்து அவன் சிரித்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பத்து யாரில் நின்று நான் பந்து போடுவதை நிறுத்தினேன். மூன்று பையன்கள் முழுத் தூரத்தில் நிற்பார்கள். ஒருவன் வேகம், ஒருவன் சுழல், ஒருவன் என்ன போடுகிறான் என்று அவனுக்கே தெரியாது. மூவரில் யார் ஓடி வருவார்கள் என்று அடிக்கிறவனுக்குச் சொல்வதில்லை. களத்தடுப்புக்குப் போதிய ஆளில்லாத இடங்களில் புத்தகப் பைகளை வைத்தோம். பையில் பட்டால் பிடி. கடைசி அரை மணித்தியாலம் ஒவ்வொருவருக்கும் ஆறே பந்து. "பன்னிரண்டு ஓட்டம் வேணும், ஒரு ஓவர் இருக்கு" என்று கணக்குச் சொல்வோம். ஆட்டமிழந்தால் இரண்டாம் சந்தர்ப்பம் இல்லை, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மற்றவர்கள் ஓரத்தில் நின்று எவ்வளவு சத்தமும் போடலாம்.

முதல் மாதம் படு மோசம். ஐம்பதுக்கு ஐம்பது அடித்தவர்களுக்குப் பத்துக்கு மூன்றுகூடச் சரியாகப் படவில்லை. "முந்தி நல்லா அடிச்சோம் சேர், இப்ப சேர்தான் கெடுத்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னான் அணித்தலைவன். வேலியோரக் கிழவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அந்த ஆய்வை வாசித்திராவிட்டால் நானும் பழைய முறைக்கே திரும்பியிருப்பேன்.

என் வாய்க்கும் ஒரு மருந்து செய்தேன். போட்டி நடக்கும்போது விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பது. கத்த வாய் திறந்தால் விசில் கீழே விழும். முதல் ஆட்டத்தில் ஒன்பது தடவை விழுந்தது. பிள்ளைகள் எண்ணிச் சொன்னார்கள்.

2019இல் மறுபடி அதே மைதானம். அவன் துடுப்போடு இறங்கியபோது எனக்குத்தான் கை நனைந்திருந்தது. முதல் பந்து, வெளியே, விலகிப் போகிறது. அவன் துடுப்பை உயர்த்தி விட்டுவிட்டான். அடிக்கவில்லை. வெறுமனே விட்டான். அணியில் யாரும் அதற்குக் கை தட்டவில்லை. பல்லில் விசில் இருந்ததால் நானும் சத்தம் போடவில்லை. ஆனால் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான அடி அந்த அடிக்காத அடிதான். இரண்டாவது பந்தும் வெளியே. காலை முன்னால் வைத்து, அது போகும் பக்கமே தட்டினான். தட்டை நிலத்தில் பந்து உருண்டுகொண்டே போனது. எதிர்முனையில் நின்றவன் "ஓடு, ஓடு" என்று கத்த, இவன் இரண்டு அடி வைத்து நின்றுவிட்டு, பந்து போன திசையைப் பார்த்தான். கீழே இறங்கி எடுக்க வேண்டுமோ என்று தேடுகிறவனைப் போல. பிறகு ஞாபகம் வந்து ஓடினான். இரண்டு எடுத்திருக்க வேண்டியது, ஒன்றுதான் கிடைத்தது.

அன்று 23 ஓட்டம் எடுத்தான். நாங்கள் தோற்றோம். வலதுகைக்காரர்களில் இருவர் கால் பக்கம் அடித்து நாலு ஓட்டங்கள் எடுத்தார்கள். அணித்தலைவன் பழைய குணத்துக்கே திரும்பி முதல் ஓவரிலேயே வந்துவிட்டான். எல்லோருக்கும் எல்லாம் இடம் மாறிவிடுவதில்லை.

2020இல் பாடசாலைகள் மூடின. அவனுடைய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச் வரை தள்ளிப் போனது. எழுதினான்; கணிதத்தில் சித்தியடைந்தான். அதன் பிறகு கொழும்புக்குத்தான் போனான், அதே மாமாவின் கடைத் தெருவுக்கு. பதினான்கில் போவதற்கும் பதினேழில் போவதற்கும் வித்தியாசம் உண்டென்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்திருந்தான். புதுச் சட்டை. மைதானத்துக்கு வந்து, சின்னப் பையன்களுக்கு முழுத் தூரத்தில் நின்று பந்து போட்டான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, குட்டையாய் ஒன்று. ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, "சாக்கு எங்கே சேர்?" என்று கேட்டான். மூன்று கண்ணாடி உடைந்த பிறகு அதிபர் கம்பிவலை அடித்துத் தந்த கதையைச் சொன்னேன். அப்போது எட்டு வயதுப் பொடியன் ஒருவன் ஓங்கி அடித்த பந்து பள்ளத்தில் விழுந்தது. பொடியன் துடுப்பைப் போட்டுவிட்டு இறங்கப் போனான்.

"நீ நில்லு, அடி" என்று சொல்லிவிட்டு, புதுச் சட்டையோடு அவனே இறங்கிப் போனான்.